வலையோடு வராத நெருப்பு

கோடைக்காலம்தானே என்று மெல்லிய போர்வை ஒன்றை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு மலைக்காட்டுக்குப் போய், இரண்டு மரங்களுக்கு நடுவே ஹம்மாக் கட்டிப் படுப்பவருக்குப் பின்னிரவில் ஒரு தகவல் வந்து சேரும். அது முதுகு வழியாக வரும். நெஞ்சு வெதுவெதுப்பாக இருக்கும், கால்கூடப் பரவாயில்லை. முதுகும் இடுப்பும் மட்டும் சில்லிட்டுப் போயிருக்கும். போர்வையை எவ்வளவு இறுக்கிச் சுற்றிக்கொண்டாலும் பயன் இருக்காது. பகலில் 30 டிகிரி வெயில் அடித்த இடமாகவே இருக்கட்டும். இரவில் 18 டிகிரிக்கு இறங்கினால் போதும், விடிவதற்குள் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

காரணம் எளிது. தரையில் படுத்தால் அடியில் மண் இருக்கிறது. ஒரு பாயையோ கம்பளியையோ விரித்துச் சமாளித்துவிடலாம். ஹம்மாக்கில் அடியில் இருப்பது காற்று. அசையாமல் நிற்கும் காற்று அருமையான காப்பு. தண்ணீர் கடத்தும் சூட்டில் இருபதில் ஒரு பங்கைக்கூட அது கடத்தாது. ஆனால் மரத்தடியில் காற்று எப்போது அசையாமல் நின்றது? சுமார் 33 டிகிரி சூட்டில் இருக்கும் நம் தோல், துணிக்கு அடியில் வெதுவெதுப்பான ஒரு படலத்தை உண்டாக்கும். அடுத்த கணமே இளங்காற்று அதை வழித்துக்கொண்டு போகும். உடம்பு மறுபடி உண்டாக்கும், மறுபடி போகும். இரவு முழுக்க இதே வேலை. சரி, ஹம்மாக்குக்குள்ளேயே முதுகுக்கு அடியில் ஒரு போர்வையை விரித்துக்கொண்டால்? உடல் எடையில் அது நசுங்கி, இழைகளுக்கு நடுவே இருந்த காற்றெல்லாம் வெளியேறிவிடும். சூட்டைப் பிடித்துவைத்திருந்தது அந்தக் காற்றுதான், இழைகள் அல்ல.

இந்தக் குளிருக்கு இன்றைக்கு ஒரு மருந்து விற்கிறார்கள். 'அண்டர்குவில்ட்' என்று பெயர். ஹம்மாக்கின் வெளியே, அடிவயிற்றோடு ஒட்டித் தொங்கவிடும் மெத்தென்ற போர்வை. அடிப்போர்வை என்று வைத்துக்கொள்வோம். அது கடைப் பொருளாகிக் கால் நூற்றாண்டுதான் இருக்கும். ஹம்மாக்கோ ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இத்தனை காலமும் முதுகுக் குளிர் யாருக்கும் உறைக்கவில்லையா என்றால், முதல் நாளே உறைத்திருக்கிறது. தீர்வும் அப்போதே கையில் இருந்தது. ஹம்மாக்கை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் அந்தத் தீர்வோடு சேர்த்துத்தான் அதில் தூங்கினார்கள். வாங்கிக்கொண்டு போனவர்கள்தான் வலையை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டுப் போனார்கள்.

பஹாமாஸ் தீவுகளில் கரையிறங்கி ஐந்து நாள் ஆகியிருந்தது. 1492 அக்டோபர் 17 அன்று கொலம்பஸ் தன் நாட்குறிப்பில், இங்குள்ளவர்களின் படுக்கைகள் பருத்தி வலைகளைப்போல இருக்கின்றன என்று எழுதிவைத்தார். தங்கம் எங்கே, மிளகு எங்கே என்று தேடிக்கொண்டிருந்த மனிதர் போகிற போக்கில் போட்ட குறிப்பு அது. அவர் பார்த்தது தைனோ மக்களின் வீடுகளை. ஈரத்தரை, எறும்பு, பாம்பு எதுவும் அண்டாதபடி உடம்பைத் தூக்கிவைக்கும் ஏற்பாடு. கரீபியக் கடலோரத்தில் இரவும் வெக்கையானது. அங்கே வலையின் ஓட்டைகளே பெரிய வசதி. அதனால் கொலம்பஸுக்குக் கதையின் முதல் பாதிதான் கண்ணில் பட்டது.

மறுபாதியை எழுதியவர் ஒரு கப்பல் எழுத்தர். 1500 மார்ச்சில் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட போர்ச்சுகீசியத் தளபதி கப்ராலின் கப்பல்கள், அட்லாண்டிக்கில் வெகுதூரம் மேற்கே ஒதுங்கிப்போய் ஏப்ரல் 22 அன்று பிரேசில் கரையைக் கண்டன. அந்தப் படையில் இருந்த பேரோ வாஸ் டி கமின்யா, மே 1 தேதியிட்டு மன்னர் மானுவேலுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஊருக்குள் போய்வந்த மாலுமிகள் சொன்னதை அதில் பதிந்திருக்கிறார்: வீடு ஒவ்வொன்றும் தலைமைக் கப்பலளவு நீளம், உள்ளே முப்பது நாற்பது பேர், தூணுக்குத் தூண் வலையைக் கட்டி உயரத்தில் தூங்குகிறார்கள், குளிர் காய்வதற்காக வலைக்கு அடியில் நெருப்பு மூட்டிக்கொள்கிறார்கள். கதையின் மொத்த சூத்திரமும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. கமின்யா அதே படையோடு கோழிக்கோட்டுக்கு வந்தார். அங்கே பண்டகசாலையில் எழுத்தர் வேலை பார்ப்பதாக ஏற்பாடு. அந்த ஆண்டு டிசம்பரில் பண்டகசாலை தாக்கப்பட்டபோது இறந்தவர்களில் அவரும் ஒருவர் என்று கருதுகிறார்கள். கடிதம் லிஸ்பன் ஆவணக் கிடங்கில் தூங்கப்போனது, அச்சேறியது 1817-ல். வலை உலகம் சுற்றிக்கொண்டிருந்த முந்நூறு ஆண்டுகளும் அதன் அடியில் எரிந்த நெருப்பு ஒரு பெட்டிக்குள் கிடந்தது.

அவர் ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் மறந்தது நியாயம். ஸ்பானிய வரலாற்றாசிரியர் ஒவியேதோ 1535-ல் வெளியிட்ட நூலில் ஹம்மாக்கின் படமே இருக்கிறது. படையெடுத்துப் போகும் வீரர்களுக்கு இது உத்தமமான படுக்கை என்று பரிந்துரையும் செய்கிறார். குளிரான இடங்களில் இரவில் சுவாலை இல்லாத கங்குகளை ஹம்மாக்கின் கீழே தரையில் பரப்பிக்கொள்வார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார். சுவாலை இல்லாத கங்கு என்பதைக் கவனிக்க வேண்டும். பருத்தி வலைக்கு இரண்டடி கீழே நெருப்பு வைப்பதற்கு ஒரு கைநேர்த்தி வேண்டும்.

அந்தக் கைநேர்த்தியை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு ஜெர்மானியத் துப்பாக்கி வீரர் ஹான்ஸ் ஸ்டாடனுக்குக் கிடைத்தது. வாய்ப்பு என்று சொல்லக் கூடாது. 1550-களில் பிரேசிலின் துப்பினம்பா மக்களிடம் மாதக்கணக்கில் கைதியாக இருந்தார், என்றைக்கு நம்மைக் கொன்று தின்பார்களோ என்று நடுங்கிக்கொண்டே. தப்பி வந்து 1557-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் பருத்தி நூல் படுக்கையைப் பற்றியும், இரவு முழுக்க அதன் பக்கத்தில் அணையாமல் காக்கப்படும் நெருப்பைப் பற்றியும் எழுதியிருக்கிறார். உயிர் பயத்திலும் தூங்கும் முறையைக் கவனித்திருக்கிறாரே, அது எனக்கு ஆச்சரியம்தான். இன்றும் அமேசானின் யனோமாமி பழங்குடியினர் வீடுகளில் ஹம்மாக்குகளைக் கணப்பைச் சுற்றித்தான் கட்டுகிறார்கள். நடுச்சாமத்தில் அனல் குறைந்தால் படுத்தபடியே கையை நீட்டி விறகை உள்ளே தள்ளிவிடலாம்.

நகலெடுத்தவர்களில் எனக்குப் பிடித்தவர் ஜான் டி லேரி. செருப்புத் தைக்கும் தொழில் தெரிந்த பிரெஞ்சுப் புராட்டஸ்டண்ட் இளைஞர். 1557-ல் ரியோ டி ஜெனீரோ விரிகுடாவுக்குப் போய், துப்பினம்பா மக்களோடு பழகிவிட்டு மறு ஆண்டு திரும்பினார். பதினைந்து ஆண்டு கழித்து, 1573-ல், பிரான்சின் மதப் போரில் சான்செர் என்ற குன்றின் மேலிருந்த ஊர் கத்தோலிக்கப் படையால் முற்றுகையிடப்பட்டது. உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் லேரியும் ஒருவர், அதற்குள் பாதிரியாராகியிருந்தார். மதில் காவலுக்கு நிற்பவர்கள் வைக்கோலில் புரண்டு பேன் பிடித்துக் கிடக்காமலிருக்க, படுக்கை விரிப்புகளைக் கொண்டே பிரேசில் பாணியில் ஹம்மாக் கட்டக் கற்றுக்கொடுத்தார். ஐரோப்பிய மண்ணில் ஹம்மாக் பயன்பட்டதற்கான ஆரம்பகாலச் சான்றுகளில் இது ஒன்று: பட்டினி கிடக்கும் ஊரின் மதிற்சுவரில், வெள்ளைத் துணியில். பிற்பாடு எழுதிய பிரேசில் புத்தகத்திலும், முக்கியமாகக் கோடையில் இதில் தூங்குவது எவ்வளவு சுகம் என்று புகழ்கிறார். அடியில் எரிந்த நெருப்பைப் பிரேசிலில் பார்த்தவர்தான். ஆனால் சான்செருக்கு வந்தது துணி மட்டும்.

இங்கிலாந்துக்கு அது வேறு வழியில் போனது. 1595-ல் தங்க நகரத்தைத் தேடி ஒரினோக்கோ ஆற்றில் ஏறிய வால்டர் ராலி, தங்கம் இல்லாமல் திரும்பி வந்து அடுத்த ஆண்டு ஒரு புத்தகம் போட்டார். அதில் பருத்தி ஹம்மாக்கில் சாய்ந்திருக்கும் தலைவர்கள் வருகிறார்கள். 'பிரேசில் படுக்கை' என்று தம் ஆட்கள் அதைச் சொல்வதாகவும் குறிப்பிடுகிறார். அதற்கு அடுத்த ஆண்டு, 1597-ல், ஆங்கிலேயக் கடற்படை தன் மாலுமிகளுக்குக் கித்தான் தொங்குபடுக்கைகளை அதிகாரபூர்வமாக அனுமதித்தது. ராலியின் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கரீபியக் கடலில் கொள்ளையடிக்கப் போய்வந்த மாலுமிகளே போதுமான ஆசிரியர்கள்.

கடற்படைக்கு வந்ததும் ஹம்மாக்கின் குணமே மாறியது. பருத்தி வலை கித்தானாயிற்று. அகலம் சுருங்கியது. பீரங்கித் தளத்தின் கூரையில் ஆளுக்கு 14 அங்குலம் இடம். பாதிப்பேர் காவல் பணிக்குப் போய்விடுவதால், தூங்குகிறவருக்குப் பக்கத்து இடமும் சேர்ந்து 28 அங்குலம் கிடைக்கும், அதுதான் சொகுசு. மரக்கப்பல், தார் பூசிய கயிறு, வெடிமருந்துக் கிடங்கு என்றிருக்கும் இடத்தில் படுக்கைக்கு அடியில் கங்கு பரப்புவதைப் பற்றி யாரும் பேசவே முடியாது. அதற்குப் பதில் கழிவுக் கம்பளி அடைத்த மெல்லிய மெத்தை ஒன்று ஹம்மாக்குக்குள் போனது. அதுவும் நசுங்கத்தான் செய்தது. ஆனால் மூடிய தளத்தில் நூற்றுக்கணக்கானோர் தோளோடு தோள் இடித்துத் தொங்கும்போது காற்றாவது ஓடுவதாவது. நெருப்பின் வேலையை மனிதர்களே செய்தார்கள். முதுகுக் குளிர் என்ற பிரச்சினையே ஐரோப்பியர் நினைவிலிருந்து அழிந்துபோனது இந்த இருட்டுத் தளங்களில்தான் என்பது என் ஊகம்.

கித்தான் ஹம்மாக்குக்கு வேறு வேலைகளும் வந்தன. காலையில் இறுக்கச் சுருட்டிக் கட்டி, மேல்தளத்தின் விளிம்பில் இருந்த வலைப்பைகளில் வரிசையாக அடுக்குவார்கள். சண்டையில் அது எதிரியின் துப்பாக்கி ரவையைத் தாங்கும் மதில். கடலில் விழுந்தவருக்குக் கொஞ்ச நேரம் மிதவை. கப்பலிலேயே இறந்துபோனால் அவருடைய ஹம்மாக்கில் அவரையே வைத்துத் தைத்து, பீரங்கிக் குண்டைக் காலடியில் சேர்த்துக் கடலுக்குள் விட்டார்கள்.

தொங்கித் தூங்குவது எல்லாமே அமெரிக்கச் சரக்கு என்று இதற்கு அர்த்தமில்லை. மலையாளக் கரையில் மூங்கில் கழியில் துணியைத் தொங்கவிட்டு ஆளைச் சுமந்து போகும் மஞ்சல் இருந்தது. இமயமலைப் பக்கம் தண்டி. நம் தூளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஹம்மாக் அம்மாவின் பழைய சேலைதான். அதில் முதுகு குளிர்ந்து யாரும் அழுததாகத் தெரியவில்லை. மூடிய அறை, மடித்துப் போட்ட பருத்தி, போதாததற்குக் குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹம்மாக்கும் சூடும் தனித்தனி சாலைகளில் பயணம் செய்தன. சூட்டுச் சாலையில் முதலில் வருபவர் ஆல்ப்ஸ் மலையேறி பிரான்சிஸ் ஃபாக்ஸ் டக்கெட். 1861 வாக்கில் கம்பளியால் ஒரு தூக்கப் பையைத் தைத்து, அதன் அடிப்பக்கத்துக்கு மட்டும் ரப்பர் பூசிய துணியை வைத்துப் பார்த்தார். அடிப்பக்கத்துக்குத் தனிக் கவனிப்பு வேண்டும் என்பது மலையில் படுத்தவருக்குப் புரிந்திருக்கிறது. ஆனால் பணம் பார்த்தவர் அவர் இல்லை, வேல்ஸ் நாட்டுத் துணி வியாபாரி பிரைஸ் பிரைஸ்-ஜோன்ஸ். அஞ்சல் வழியில் கம்பளித் துணி விற்று, விக்டோரியா மகாராணியையே வாடிக்கையாளராக்கிக்கொண்ட சாமர்த்தியசாலி. 1876-ல், மடித்துப் பொத்தான் போட்டால் பையாகிவிடும் ஒரு கம்பளிக்குக் காப்புரிமை பெற்றார். துருக்கியரோடு போரிட்டுக்கொண்டிருந்த ரஷ்யப் படை அதில் 60,000 வேண்டும் என்று கேட்டது. சரக்கு போய்ச் சேர்வதற்குள் பிளெவ்னா முற்றுகை முடிந்துவிட, மீதி ஆர்டர் ரத்து. தேங்கிய ஆயிரக்கணக்கான பைகளைத் தன் விலைப்பட்டியலில் சேர்த்து, ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு மேய்ச்சல்காரர்கள் வரை விற்றுத் தள்ளினார். இன்றைய ஸ்லீப்பிங் பேக் உலகம் சுற்றத் தொடங்கியதில் ஒரு ரத்தான ஆர்டருக்குப் பங்குண்டு.

ஹம்மாக் சாலையில் போனால், 1889 வாக்கில் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜோஷுவா ஜான் வார்டு என்ற படகு கேப்டன் வருகிறார். நெல் வயல்களுக்கும் ஜார்ஜ்டவுன் துறைக்கும் இடையே படகு ஓட்டியவர். கோடையில் புல் மெத்தையில் அவருக்குப் புழுக்கம் தாங்கவில்லை. வலையை எடுத்தார், முடிச்சுகள் முதுகில் உறுத்தின, முடிச்சே இல்லாமல் பருத்திக் கயிற்றைப் பின்னினார், இரு முனையிலும் மரச்சட்டம் வைத்து விரித்துப் பிடித்தார். பாலீஸ் ஐலண்ட் ஹம்மாக் என்று இன்றைக்கும் விற்கிறது. அவர் தேடியது முதுகுக்கு அடியில் ஓடும் காற்று. நூறாண்டு கழித்து மலையேறிகள் எதை அடைக்கப் படாதபாடு படப்போகிறார்களோ, அதே காற்று.

இரண்டாம் உலகப் போரில்தான் ஹம்மாக் மறுபடியும் காட்டுக்குப் போனது. பசிபிக் தீவுகளில் சண்டையிட்ட அமெரிக்க வீரர்களுக்காக 1942-ல் வந்த 'ஜங்கிள் ஹம்மாக்'குக்கு மேலே மழைக்கூரை, சுற்றிலும் கொசுவலை, ஏறி இறங்க ஜிப். அடியில் காப்பு எதுவும் சொல்லும்படியாக இல்லை. வெப்பமண்டலக் காடுதானே என்று விட்டிருப்பார்கள். போர் முடிந்ததும் மிச்சச் சரக்கு மலிவு விலைக் கடைகளுக்கு வந்து, வேட்டைக்காரர்களும் சாரணர் பையன்களும் வாங்கிக்கொண்டு குளிர்ப்பிரதேச மலைகளுக்குப் போனார்கள். வெப்பமண்டலத்துக்கு வெட்டிய சட்டையை மலையில் போட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அதே போர் இன்னொன்றையும் கொடுத்தது. ஜப்பானியப் பட்டு வரத்து நின்றுபோனதால் பாராசூட்டுக்கு நைலான் வந்தது. கைக்குட்டையளவு சுருங்கும், ஆள் எடையைத் தாங்கும், ஒரே நாளில் காயும். 1990-களில் பாலியிலும் அமெரிக்காவிலும் பாராசூட் நைலானில் தைத்த ஹம்மாக்குகள் பயணிகளின் முதுகுப்பையில் ஏறின. நைலானில் ஒரு சிக்கல்: பருத்தி வலை பொறி பட்டால் கருகும், நைலான் உருகி ஓட்டையாகிவிடும். துப்பினம்பா முறைக்குத் திரும்பும் வழியைப் புதுத் துணியே அடைத்துவிட்டது.

இதற்கு நடுவே ஹம்மாக் நிலவுக்கும் போனது. 1969 ஜூலையில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் கழித்த இரவு தூக்கமில்லாத இரவு. ஆல்ட்ரின் கலத்தின் தரையில் சுருண்டுகொண்டார். ஆர்ம்ஸ்ட்ராங் எஞ்சின் மூடியின்மேல் சாய்ந்து, ஒரு பட்டையைக் கட்டிக் காலைத் தொங்கவிட்டார். வெளிச்சம், பம்பு இரைச்சல், எல்லாவற்றையும்விடக் குளிர். நவம்பரில் போன அப்போலோ 12-க்கு நாசா ஹம்மாக் கொடுத்தனுப்பியது. நிலவின் ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பில் ஹம்மாக் எவ்வளவு தொய்யும் என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால் படிக்க ஆசை.

நாசாவின் பட்டறையிலிருந்து முகாம்வாசிகள் கடன் வாங்கியது வேறொன்று. 1964-ல் விண்வெளித் திட்டத்துக்காக உருவான, உலோகப் பூச்சுள்ள பிளாஸ்டிக் தாள். அதன் சித்தப்பா பிள்ளைகள்தான் காரின் முன்கண்ணாடிக்கு வெயில் படாமல் வைக்கும் வெள்ளித் தடுப்புகள். ஹம்மாக்கில் முதுகு விறைத்தவர்கள் அந்தக் கார் தடுப்பையே எடுத்து முதுகுக்கு அடியில் வைத்துப் படுத்தார்கள். வேலை செய்தது, ஒரு மாதிரி. புரண்டால் மொறுமொறுவென்று சத்தம். விடியும்போது வியர்வை கோத்து முதுகெல்லாம் ஈரம்.

நுரைப் பாயும் காற்றுப் பாயும் முயன்று பார்க்கப்பட்டன. தானாகக் காற்று நிரம்பும் பாயின் கதையே ஒரு விபத்து: 1970-களின் தொடக்கத்தில் சியாட்டிலில் போயிங் நிறுவனம் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பியபோது வேலையிழந்த பொறியாளர்களில் ஒருவர், தோட்டவேலை செய்யும்போது மண்டியிட்டிருந்த நுரை மெத்தையிலிருந்து காற்று வெளியேறித் திரும்ப உள்ளே வருவதைக் கவனித்தாராம். தானே ஊதிக்கொள்ளும் தெர்ம்-எ-ரெஸ்ட் பாய் அதிலிருந்து பிறந்தது. தரைக்கு அது தங்கம். ஹம்மாக்கின் வளைவில் வைத்தால் நடுராத்திரியில் வழுக்கி எங்கோ போய்விடும், தோள்கள் வெளியே தெரியும், கோடையில் பிளாஸ்டிக்மீது முதுகு வேறு புழுங்கும். ஒரே இரவில் வியர்வையும் குளிரும் சேர்ந்து வாட்டும் விசித்திரம் இந்தப் பாய்களால்தான்.

கதை கடைசியில் வந்து சேர்ந்த இடம் அப்பலாச்சியன் நடைபாதை. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை சுமார் 3,500 கிலோமீட்டர், முழுக்க மரங்கள், சமதரை குறைவு. ஹம்மாக்குக்காகவே செய்துவைத்த காடு. பாதையின் உச்சி 2,000 மீட்டரைத் தாண்டும். கீழே ஊர் வெயிலில் வேகும்போது மேலே ஜூலை இரவுகள் 10 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். கனடாவின் டாம் ஹென்னஸி போன்றவர்கள் கொசுவலையும் கூரையும் சேர்ந்த இலகு ஹம்மாக்குகளை விற்கத் தொடங்கியபின் அந்தப் பாதையில் தொங்குகிறவர்கள் பெருகினார்கள். முதுகு குளிர்ந்து முனகுகிறவர்களும் பெருகினார்கள். 2003-ல் எட் ஸ்பீர் ஹம்மாக் முகாமுக்கென்றே ஒரு முழுக் கையேடு எழுதினார். ஹம்மாக்கையே மொத்தமாக உள்ளே வைத்து மூடும், பட்டாணித் தோல் போன்ற உறையையும் அவர் விற்றார். அதே ஆண்டுகளில் இன்னும் பலர் வீட்டுத் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவர் பெயரில் எழுதிவைக்கக் கூடிய கண்டுபிடிப்பல்ல இது. போர்வையை உடம்பின் அடியிலிருந்து எடுத்து ஹம்மாக்கின் அடிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது பலருக்கு ஏறத்தாழ ஒரே சமயத்தில் உறைத்தது. எடை படாததால் தூவியோ பஞ்சோ உப்பியபடியே இருக்கும். காற்று ஓடாமல் அங்கேயே தங்கும். கங்கு இருந்த இடத்துக்குக் காப்பு வந்து சேர்ந்தது.

கோடைக்கான அடிப்போர்வைக்கு மூதாதை இன்னும் சுவாரசியமானது. வியட்நாமுக்குப் போன அமெரிக்க வீரர்களுக்கு 1960-களில் 'பான்ச்சோ லைனர்' என்று ஒன்று கொடுத்தார்கள். இரண்டு நைலான் துணிகளுக்கு நடுவே பாலியெஸ்டர் பஞ்சு. முக்கால் கிலோவுக்குள் எடை. நனைந்தாலும் சூடு காக்கும், பிழிந்துவிட்டால் சீக்கிரம் காயும். மழை அங்கியோடு சேர்த்துக் கட்டுவதற்காக ஓரங்களில் முடிகயிறுகள். எதிர்த்தரப்பு வீரர்கள் ஹோ சி மின் பாதை நெடுக நைலான் ஹம்மாக்கில் தூங்கிக்கொண்டிருந்த அதே போர். நாற்பது ஆண்டுக்குப் பின் அமெரிக்க முகாம்வாசிகள் அந்தப் பழைய லைனரைக் கடையில் பொறுக்கி, நீள ஓரங்களில் எலாஸ்டிக் கயிறு ஓட ஒரு மடிப்புத் தைத்து, வியட்நாமியர் பாணியில் தொங்கும் நைலானுக்கு அடியில் கட்டினார்கள். இரண்டு பக்கமும் கடைசியில் ஒரே மரத்தில் தொங்கின. வாத்துத் தூவியில் ஈரம் ஏறினால் கட்டியாகிவிடும் என்பதால், மழையும் வியர்வையும் மிகுந்த கோடைக்குப் பஞ்சுதான் இன்றும் பலருடைய தேர்வு. தூவியே வேண்டுமென்பவர்கள் மொத்த விலைக் கடைகளில் கிடைக்கும் மலிவான தூவிப் போர்வையை வாங்கி ஓரங்களில் கயிறு கோத்துக்கொள்கிறார்கள். இந்தக் கைத்தொழிலிலிருந்துதான் சிறு பட்டறைகள் கிளம்பின. அவற்றைப் பார்த்துப் பெரிய கம்பெனிகள்.

கட்டுவதில் ஒரு நாசூக்கு உண்டு. போர்வைக்கும் ஹம்மாக்குக்கும் நடுவே இடைவெளி விட்டால் காற்று உள்ளே புகுந்து ஓடும். கட்டிய வேலை வீண். இழுத்து இறுக்கினால் பஞ்சு நசுங்கும், அதுவும் வீண். உள்ளே ஆள் படுத்திருக்கும்போது துணிக்கும் போர்வைக்கும் நடுவே கையை விட்டுத் தடவிப் பார்த்தால், ஒட்டியிருக்க வேண்டும், அழுத்தக் கூடாது. பிரேசில்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வதுபோலக் கொஞ்சம் கோணலாகப் படுத்தால் முதுகு வளையாமல் சமமாகும். போர்வையையும் அந்தக் கோணலுக்கு ஏற்ப நகர்த்திவைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு தோள் வெளியே நிற்கும். கோடைக்கு முழு நீளம் எதற்கு என்று தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் போதுமான முக்கால் நீளப் போர்வையும் வந்துவிட்டது. குதிகாலுக்குச் சின்ன நுரைத்துண்டு. சாயங்காலம் இன்னும் வெக்கை அடங்காதபோது எலாஸ்டிக்கைத் தளர்த்தித் தொங்கவிடலாம், விடியற்காலையில் இழுத்துக்கொள்ளலாம். கங்குகளைக் கூட்டிக் குறைத்த அதே வேலை, கருகும் பயம் மட்டும் இல்லை. மெல்லிய நைலான் வழியே கீழிருந்து கடிக்கும் கொசுவுக்கும் இந்தப் போர்வைதான் தடுப்பு. சும்மா கிடைத்த லாபம்.

தமக்கு 20 டிகிரிதான் எல்லை என்று பலர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இறங்கினால் எந்தக் காலமானாலும் அடியில் ஏதாவது கட்டாமல் படுப்பதில்லை. மேலே போர்த்துவது அவரவர் இஷ்டம். ஆகவே ஜூன் மாதத்து அப்பலாச்சியனில், மேலே ஒரு பருத்தித் துணிகூட இல்லாமல், கீழே மட்டும் தடிமனாகப் போர்த்திக்கொண்டு தூங்குபவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.